மூன்று வெஞ்சனத் தூரம்

என் மனைவியைப் பொறுத்தவரை கேரள எல்லையில் இருக்கிற வாளையாற்றைத் தாண்டினால் வெளிநாடு. நாரத்தங்காய் ஊறுகாய், இரண்டு கம்பளி, வயிற்று மருந்து எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்து, போனதும் கடிதம் போடச் சொன்னாள். மெட்ராஸில் ஒரு பறக்கும் கிளப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு வெளிநாடு என்று சொல்லிக்கொள்ள வேறு வாய்ப்பு வந்ததில்லை. ஆகவே இதை என் வெளிநாட்டுப் பயணம் என்றே வைத்துக்கொள்கிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். போன காரியம், வானத்திலிருந்து ஒரு கால்பந்தைக் கீழே போடுவது.

கேரள மலைமேல் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வருஷா வருஷம் தோட்டத்து ஆட்களுக்குள் கால்பந்துப் போட்டி நடக்கும். அந்த வருஷம் ஃபைனலுக்குப் பந்து ஆகாயத்திலிருந்து விழ வேண்டும் என்று போட்டிக் கமிட்டி முடிவு செய்திருந்தது. தோட்டத்து மேனேஜருக்கு எங்கள் கிளப்பில் பழக்கம். நாலு சீட்டு விமானம் ஒன்றையும் என்னையும் பந்தையும் அனுப்பினார்கள். பந்தைப் போட்டுவிட்டு மேலே இருக்கிற ஒரு புல்வெளியில் இறங்கி, மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்ப வேண்டும். மருந்து தெளிக்கிற விமானம் ஒன்று முன்பு அங்கே இறங்கியிருக்கிறதாம்.

இதில் எனக்கு ஒரு தலைவலி இருந்தது. எங்களைப் போன்ற சின்ன விமானக்காரர்கள் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்கள். மேகத்துக்குள் நுழையக் கூடாது. தரை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிற கட்டுப்பாட்டு அதிகாரி எங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போக மாட்டார். மழை எங்கே, வேறு விமானம் எங்கே என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார். பதிலுக்கு எங்கே போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சேர்ந்தேன் என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு 'சந்தேகம்' என்று எழுதுவார்கள். இன்னொரு அரை மணி ஆனால் மெட்ராஸுக்குத் தகவல் போகும், தேடுவதற்கு ஆள் கிளம்பும்.

நான் இரண்டு முறை சொல்லாமல் விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் இறங்கிய இடத்தில் சாப்பாடு தயாராக இருந்தது, அவ்வளவுதான். முதல் முறை என்னைத் தேடி ஒரு விமானம் கிளம்பியபோது நான் இரண்டாவது சாதத்தில் இருந்தேன். அடுத்த முறை பாயசம். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கத்தவில்லை. இன்னொரு தடவை உன்னைத் தேட வைத்தாயானால் லைசென்ஸை வாங்கி என் மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன், நீ டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன விமான நிலையத்தில் போய் இறங்கினேன். பெயர் வேண்டாம். அங்கே கோபுரத்தில் இருந்தவர் பரமேஸ்வரன், கல்பாத்திக்காரர். தினம் காலையில் பாலக்காட்டிலிருந்து ரயிலேறி வந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் ரயிலேறிப் போகிற மனுஷர். பதினெட்டு வருஷமாக விமானங்களோடு பேசுகிறார். ஒரு முறைகூட ஏறியதில்லை. ஏன் என்று கேட்டேன். தலை சுற்றும் என்றார்.

ஊரில் லாட்ஜ் கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே தங்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். என் மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டதால் பஸ். வாளையாற்றில் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றோம். சிமெண்டுத் தூசியில் என் சட்டை நிறம் மாறியது. பந்தை மடியில் வைத்திருந்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் அதை அமுக்கிப் பார்த்து, காற்று போதும் என்றோ போதாது என்றோ அபிப்பிராயம் சொன்னார்கள். பின் சீட்டில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். இந்த வயதில் பந்தோடு கிளம்பியிருக்கிறாரே என்றார் ஒருவர். வீட்டில் விளையாட விடமாட்டார்கள் போல, பாவம் என்றார் மற்றவர். எனக்கு மலையாளம் புரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

கல்பாத்தியில் ராத்திரி தேங்காய் அரைத்துவிட்ட மொளகூட்டல். எங்கள் வீட்டில் தேங்காய் அலங்காரத்துக்கு. இங்கே அதுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அலங்காரம். நான் மூன்றாம் முறை சாதம் போட்டுக்கொண்டபோது பரமேஸ்வரன் விஷயத்துக்கு வந்தார். என் இரண்டு சாப்பாட்டுக் கதையும் அவர் காதுக்கு வந்திருந்தது.

"நான் சொல்றது உத்தரவு இல்லை கேட்டேளா, தகவலாக்கும். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம். ஆனா போய்ச் சேர்ந்தா சேர்ந்தேன்னு ஒரு வார்த்தை வந்தாகணும். அது மாத்திரம் என் இஷ்டம்."

அதற்கும் ஏற்பாடு இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போனால் எங்கள் ரேடியோ எட்டாது. அதனால் தோட்டத்து ஆபீஸ் கிளார்க் செல்லத்துரை என்பவர் நான் இறங்கியதும் போன் பண்ணுவார். கிளம்பும் முன் அங்கே வானம் எப்படி என்று சொல்வதும் அவரே. அவர்தான் போட்டிக் கமிட்டிக்குச் செயலாளரும். அந்த மலையில் வானிலை பார்க்க வேறு யாரும் கிடையாது. ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துச் சொல்வார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விமான நிலையத்திலிருந்து டிரங்க் கால் பதிவு செய்து, ஒன்பதுக்குக் கிடைத்தது. நானே பேசினேன். திருநெல்வேலிக் குரல். வணக்கம் சொல்லி, வீட்டில் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, வானம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். எவ்வளவு நன்றாக என்று கேட்டேன். பளிச்சென்று இருக்கிறதாம். கோழி அடித்தாகிவிட்டதாம். ஜனங்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"எதிர் மலை தெரியுதா?" என்றேன்.

"அது எங்கய்யா போகப் போகுது, அங்கனதான் நிக்கி," என்றார்.

ஒன்பதரைக்குக் கிளம்பினேன். பத்து நாற்பதுக்கு ஏலப்பாறை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பக்கத்து சீட்டில் பந்தை வைத்து பெல்ட் போட்டிருந்தேன். முதல் இருபது நிமிஷம் சொர்க்கம். பரமேஸ்வரன் ரேடியோவில் தகவல் சொன்ன அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்ற ஊர்களில் திசையும் தூரமும் சொல்வார்கள். இவர் பதினெட்டு வருஷம் ரயிலில் போய் வந்தவர். கீழே தண்டவாளத்தில் பாசஞ்சர் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். அப்படியானால் சரியான பாதை, அது பாலக்காடு போகிற வண்டி, நாலு நிமிஷம் லேட் என்றார். விமானம் எங்கே இருக்கிறது என்பதைவிட ரயில் லேட் என்பதில் அவருக்கு வருத்தம்.

பாலக்காடு தாண்டித் தெற்கே திரும்பியதும் அவர் குரல் கரகரத்து, பிறகு போய்விட்டது. எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகச் சுவர் மாதிரி நின்றது. இடது பக்கம் போய்ப் பார்த்தேன், வலது பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கேயும் ஓர் ஓட்டைகூட இல்லை. செல்லத்துரையின் பளிச் என்பது இதுதானா என்று வாய்விட்டுத் திட்டினேன். திரும்பலாம் என்று திரும்பினால் வந்த வழியில் மழை. கிழக்கே ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை எட்டிப் பார்க்காத முதலமடை மண். கீழே வரிசை வரிசையாக மாந்தோப்பு. நடுவில் ஒரு தரிசு நிலம். பயமாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வெள்ளாடுகளைத் துரத்த ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கினேன். விமானத்துக்கும் எனக்கும் பந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. மணி பத்து இருபத்தைந்து.

உடனே கணக்குப் போட்டேன். பத்து நாற்பதுக்கு ஏலப்பாறையில் நான் இருக்க மாட்டேன். பதினொன்று பத்துக்குச் சந்தேகம். பதினொன்று நாற்பதுக்கு மெட்ராஸ். அதற்குள் கோபுரத்துக்கு என் குரல் போயாக வேண்டும், இல்லாவிட்டால் டைப்ரைட்டிங்.

அதற்குள் தோப்பிலிருந்து நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் வந்தார். காசிம் ராவுத்தர், மாங்காய் வியாபாரி, சுற்றியிருந்த தோப்பெல்லாம் அவர் குத்தகை. விமானத்தைச் சுற்றி வந்து இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். உள்ளே சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பந்தையும் பார்த்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏனுங்க, பம்பாய்க்காரங்க அனுப்பிச்சதுங்களா? எந்தத் தோப்புக்கு வந்தீங்க?" என்றார்.

பம்பாய் மொத்த வியாபாரிகள் லாரி அனுப்பி இவருக்கு முன்னால் காயை எடுத்துக்கொண்டு போவது அங்கே வழக்கமாம். இந்த வருஷம் விமானமே அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். நான் மாங்காய்க்கு வரவில்லை, பந்து போட வந்தேன் என்றேன். அது அவரை இன்னும் சந்தேகப்பட வைத்தது. போன் வேண்டும், பதினொன்று நாற்பதுக்குள் பேசாவிட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று கையைப் பிடித்துக்கொண்டதும்தான் இறங்கி வந்தார். போஸ்டாபீசில் போன் இருக்கிறது, போகலாம், ஆனால் முதலில் ஊட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சாப்பாடு வேண்டாம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கடைசியில் ஓர் உடன்பாடு: வண்டியில் போகும்போதே மாம்பழம் தின்ன வேண்டும். பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் பழம், இன்னொரு கையில் பந்து, முழங்கை வரை சாறு ஒழுக முதலமடைத் தெருவில் போனேன். பந்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வழியில் மாங்காய் லாரி ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக வந்து சிக்கிக்கொண்டு நின்றது. டிரைவரும் கிளீனரும் யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தரும் வண்டியை நிறுத்தி அந்த விசாரணையில் சேர்ந்துகொண்டார். நான் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து பந்தோடு ஓடினேன்.

போஸ்ட்மாஸ்டர் நல்லவர். அவசரக் கால் என்றதும் படிவத்தை அவரே நிரப்பினார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது போலும்; விமானம் இறங்கிவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். இறங்கினால் நல்லதுதானே, அதில் என்ன அவசரம் என்றார். பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து ஆனது, இருபது ஆனது, முப்பது ஆனது. இந்நேரம் பரமேஸ்வரன் சந்தேகம் என்று எழுதியிருப்பார். பதினொன்று முப்பத்து நாலுக்கு மணி அடித்தது. போனைப் பிடுங்கி, நான் பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று கத்தினேன்.

"தெரியுமே," என்றார் பரமேஸ்வரன். "சாப்ட்டு முடிச்சாச்சா?"

எனக்கு விளங்கவில்லை. முதலமடையிலிருந்து பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அதெப்படி? நீங்க ஏலப்பாறையிலன்னா இருக்கேள். பத்து அம்பதுக்கு எறங்கியாச்சு, சாப்ட்டுண்டிருக்கார்னு செல்லத்துரை சொல்லி, நான் எழுதியும் ஆச்சு. கோழியாம்."

"பந்துகூட என் மடியில்தான் இருக்கு சார்," என்றேன்.

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில், வெட்டி எழுதுகிறேன், ஏலப்பாறைக்கும் நானே சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

லைசென்ஸ் தப்பித்தது. வாசலில் ராவுத்தர் லாரித் தகராறு முடிந்து காத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே அவரிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். அந்த வெள்ளைச் சுவருக்குள் நுழைந்து எங்காவது ஒரு பாறையில் மோதி நான் கிடந்திருந்தால் என்னை ஒருவரும் தேடியிருக்க மாட்டார்கள். பதினொன்று பத்துக்குச் சந்தேகம் வந்திருக்காது. நாற்பதுக்கு மெட்ராஸுக்குச் செய்தி போயிருக்காது. பதிவேட்டில் நான் கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். இவ்வளவு நாளும் என் லைசென்ஸைப் பிடுங்க வந்த சனியன் என்று நான் நினைத்த அந்த இரண்டு அரைமணிகளும் என் உயிருக்காக வைத்தவை என்று படியில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

ராவுத்தர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். "அப்ப நீங்க அங்க சாப்பிட்டதா எழுதியாச்சு. இங்க சாப்பிடறது எதுலயும் வராதுங்க. தைரியமா வாங்க," என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப் போனார். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். நான் வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து அவருக்குப் பம்பாய்ச் சந்தேகம் முழுசாகத் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் திறந்தது. ராவுத்தரின் ஆட்கள் வரப்பை வெட்டிச் சமமாக்கி, கல் பொறுக்கி எனக்கு ஓடுபாதை போட்டுக் கொடுத்தார்கள். இதில் எத்தனை கூடை பிடிக்கும் என்று ராவுத்தர் ஐந்தாறு தடவை கேட்டார். பின் சீட்டில் ஒரு கூடை மாம்பழத்தோடு திரும்பினேன். கோபுரத்தில் பரமேஸ்வரன் பதிவேட்டைக் காட்டினார். பத்து ஐம்பது, தரையிறங்கியது என்று ஒரு வரி. கடைசியில் குறிப்புக்கென்று ஒரு பத்தி உண்டு. அதையும் காலியாக விட மாட்டார். அதில், விமானி உணவருந்துகிறார். இரண்டையும் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். முகம் ரொம்ப வாடியிருந்தது. ஏலப்பாறைக்கு லைன் கிடைத்துச் செய்தி சொல்லும்போது சாயங்காலம் ஆறு மணியாகிவிட்டதாம்.

ஃபைனலை அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்திருந்தார்கள். நான் மறுபடியும் போக வேண்டும். போவதற்கு முன்னால் அந்தச் செல்லத்துரையை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று திங்கட்கிழமை தரைவழியாகக் கிளம்பினேன்.

வழியைச் சொல்லி உங்களைக் களைப்பாக்க மாட்டேன். ஒரு பஸ்ஸில் ரேடியேட்டர் போயிற்று, இன்னொன்றில் கண்டக்டர் கல்யாண வீட்டில் இறங்கிக்கொண்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் செல்லத்துரையிடம் கேட்க ஒரு புதுக் கேள்வி சேர்த்துக்கொண்டேன். குமுளியில் புட்டும் கடலையும் தின்றுவிட்டு, தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் டிரைவர் வண்டியை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள்தானா அந்த விமானக்காரர் என்று கேட்டுவிட்டு அவராகவே சொன்னார்.

"கிளார்க் ஐயா சனிக்கெழம பூரா மேலே புல்மேட்டுல மஞ்சு மூட்டத்துக்குள்ள நின்னு, உங்க காதுல விழட்டும்னு விசில் ஊதிக்கிட்டே இருந்தாருங்க. ரெப்ரி விசிலு. நாங்க கூப்புட்டும் வரல. ஆறு மணிக்கு போன் வந்துச்சுன்னு ஓடிப் போய்ச் சொன்னப்புறந்தான் எறங்குனாரு. சோறும் திங்கல."

நான் சேர்த்துவைத்திருந்த கேள்விகளில் பாதி அங்கேயே கொட்டிப்போயின. மீதியை விடாமல் வைத்துக்கொண்டேன்.

செல்லத்துரைக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர். குரல் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் முதலில் இலை போடச் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே கேட்டேன்: வராத என்னை வந்ததாக ஏன் சொன்னீர்கள்?

"கோபுரத்து ஐயாவே போன் போட்டு வந்தாச்சான்னு கேட்டப்ப அவுக குரல்ல ஒரு பயம் இருந்துச்சுய்யா. இன்னும் வரலன்னு எப்படிச் சொல்லுதது? இலை போட்டாச்சு. நீங்களும் எப்படியும் வந்துருவீக. ஒரு கால் மணி முன்னப் பின்ன இருக்கும்னு சொல்லிப்புட்டேன். போனை வச்சப்புறந்தான் தப்புன்னு பட்டுச்சு. திரும்பக் கூப்புட லைன் கெடைக்கல, விசிலை எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடுனேன்."

நான் செத்துக் கிடந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கண் நிறைந்துவிட்டது. கோபத்தை அதற்கு மேல் என்னால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதே வானிலை விஷயமும் வெளியே வந்தது. பளிச்சென்று இருப்பதாக அவர் சொன்ன நேரத்தில் அந்த ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஊரில் விருந்தாளி கிளம்பி வருகிறேன் என்று போன் பண்ணினால் மழை, மஞ்சு, மண்சரிவு என்று எதையும் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் வர வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரிய மேனேஜரின் உறவுக்காரர்கள்கூட இப்படித்தான் வந்து வந்து பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். மழை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். வீட்டுக்கு வருகிறவரிடமா என்று திருப்பிக் கேட்டார்.

வானத்தைப் பற்றி இந்த மனுஷரிடம் உண்மையை வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் வாங்கலாமோ என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை முழுவதும் அதற்குத்தான் உட்கார்ந்தோம். ஆபீஸ் ஜன்னலில் நின்றால் கிட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை, அதற்கப்பால் ஃபாக்டரிப் புகைபோக்கி, கடைசியில் எதிர் மலை. மலை வரைக்கும் தெரிந்தால் இன்றைக்கு மூன்று வெஞ்சனம் என்று சொல்ல வேண்டும். தொட்டுக்கொள்கிற கறியை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். புகைபோக்கியோடு நின்றால் இரண்டு. கொட்டகை மட்டும் என்றால் ஒன்று. மூன்று என்றால்தான் நான் கிளம்புவேன். இதுவரைக்கும் செல்லத்துரை உற்சாகமாகத் தலையாட்டினார்.

ஒன்றுமே தெரியாவிட்டால் சோறு இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். எழுந்து நின்றுவிட்டார்.

"அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும்யா," என்றார்.

பழக்கிப் பார்த்தேன். ஃபாக்டரிக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு போன் இருந்தது. நான் ஃபாக்டரியில் போய் நின்றுகொண்டு, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பேன். அவர் ஜன்னலைக் கோட்டால் மூடிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை சோறு இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை பேசாமலே வைத்துவிட்டார். பத்தாவது தடவை, சோறு இல்லை என்று முக்கி முனகிச் சொன்னார். நான் மகிழ்ந்துபோய்ப் போனை வைப்பதற்குள், "கஞ்சி இருக்கு, வாங்கய்யா," என்றார். அதற்கப்புறம் எத்தனை தடவை சொல்ல வைத்தாலும் கடைசியில் கஞ்சி வந்துவிட்டது. கொழுந்து கொண்டுவந்த பெண்கள் ஃபாக்டரி வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். மெட்ராஸ்காரருக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை என்று அவர்களுக்குள் முடிவாகியிருக்கும்.

புதன்கிழமை திரும்பிவந்து பரமேஸ்வரனிடம் ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டின் பின்பக்கத்தில், மூன்று கூட்டான் என்றால் மலை, இரண்டு கூட்டான் என்றால் புகைபோக்கி என்று அவர் பாஷையில் ஒழுங்காக எழுதிக்கொண்டார். கஞ்சிக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். கஞ்சி என்று சொன்னால் நான் போக மாட்டேன் என்றேன். ஆனால் எனக்கே அதில் உறுதியில்லை. கஞ்சி சொல்கிறவர் கொஞ்சம் ஆசை வந்தால் ஒரு வெஞ்சனமும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிறகு இரண்டு, பிறகு மூன்று. அந்த வெள்ளைச் சுவர் மூன்று ராத்திரி என் கனவில் வந்தது.

சனிக்கிழமை. எங்கள் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விமானத்தில் பெட்ரோல் நிரப்பியாகிவிட்டது, பந்துக்கு பெல்ட் போட்டாகிவிட்டது, பத்து நாற்பதுக்கு ஏலப்பாறை என்று இந்த வாரமும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கூடை மாம்பழத்தில் மிச்சமிருந்த நாலு கோபுரத்து மேஜையில் இருந்தன. ஒன்பது ஐந்துக்கு டிரங்க் கால் கிடைத்தது. செல்லத்துரையின் குரலுக்குப் பின்னால் மேளச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. போன வாரம் ஏமாந்த ஜனம் இந்த வாரம் இரண்டு மடங்காக வந்திருக்க வேண்டும். ஆகாயத்திலிருந்து பந்து விழும் என்று கமிட்டியில் எழுந்து சொன்னவரே அவர்தான் என்று ஜீப் டிரைவர் சொல்லியிருந்தார். இன்றைக்கும் பந்து வரவில்லையென்றால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்க வேண்டியவரும் அவர்தான்.

"என்ன சாப்பாடு?" என்றேன்.

பேச்சில்லை. மேளம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பரமேஸ்வரன் பக்கத்தில் வந்து காதை வைத்தார்.

"ஐயா," என்றார் செல்லத்துரை. "சோறு இல்லய்யா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன்.

"கஞ்சியும் இல்ல," என்றார். "பந்தை பஸ்ல போட்டு விட்டுருங்க."

ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கீழே போய் பந்தின் பெல்ட்டைக் கழற்றி, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக் கட்டிவிட்டு, பந்தோடு மேலே வரும்போது மணி பத்தரை. பரமேஸ்வரன் தன் டிபன் கேரியரைத் திறந்து, தயிர்சாதத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கே இல்லை என்றால் என்ன, இங்கே இருக்கிறது, உட்காருங்கோ என்றார். என் மூட்டையிலிருந்து நாரத்தங்காயை எடுத்து வைத்தேன்.

பாதி சாப்பாட்டில் அவர் எச்சில் படாத இடது கையால் பதிவேட்டை இழுத்து, கோணல்மாணலாக ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஏலப்பாறை, ஒன்றும் தெரியவில்லை. விமானம் கிளம்பவில்லை என்றிருந்தது. குறிப்புப் பத்தியையும் அவர் காலியாக விடவில்லை. விமானி உணவருந்துகிறார் என்று எழுதியிருந்தார். கடிகாரத்தில் சரியாகப் பத்து நாற்பது.